சூடு வராத நெருப்பு

குலசிங்கத்தாருக்கு எழுபத்தொரு வயதில் இருந்த ஒரே பயம் படுக்கை நனைவதுதான். யாழ்ப்பாணத்தில் குண்டு போடுகிற பொம்பர் சுற்றியபோது ஊரே பங்கருக்குள் ஓட, தான் மட்டும் வெளியே சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பர் படித்ததாக அவரே வருவோர் போவோர் எல்லோருக்கும் சொல்லுவார். அது பொய்யும் இல்லை. ஆனால் இப்போது நியூசிலாந்தில், ஓக்லண்ட் நகரத்துப் பிளாக்ஹவுஸ் பேயில், மகன் மகேசன் வீட்டுப் பின்னறையில் விடியற்காலை கண் விழித்ததும் அந்த வீரர் முதலில் செய்கிற காரியம், கையைக் கீழே விட்டு மெத்தையைத் தடவிப் பார்ப்பது. காய்ந்திருந்தால் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. நனைந்திருந்தால் அன்று பிள்ளையாருக்குக் கும்பிடு கிடையாது.

காரணம் இருந்தது. வைகாசியில் இரண்டாவது மெத்தையும் பழுதானபோது மகேசன் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தான்.

"அப்பா, ரதி ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் சொல்லுறன். இன்னொருக்கால் இப்பிடி எண்டால் உங்களை ஹோமிலதான் விட வேணும். அங்க நேர்ஸ்மார் இருக்கினம், வடிவாப் பாப்பினம்."

ரதி ஒன்றும் சொல்லவில்லை என்றால் மருமகள் ரதிதேவி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள் என்று அர்த்தம். அது கிழவருக்குத் தெரியும். ஹோம் என்றால் என்னவென்றும் தெரியும். வெள்ளைக்காரக் கிழடுகளோடு வரிசையில் இருந்து, அவித்த கரட்டையும் பூசணியையும் விழுங்கி, தமிழில் ஒரு வார்த்தை கதைக்க ஆளில்லாமல் கிடப்பது. நித்திரையில் மட்டும் வாய் மூடுகிற மனிதர் அவர். அங்கே போனால் சாவதற்கு முதலே ஊமையாகிவிடுவேன் என்று முடிவுகட்டியிருந்தார்.

அவரைக் காப்பாற்றியவள் யோகராணி. அவருடைய ஒன்றுவிட்ட தம்பியின் மகள். சண்டைக்குள் இருந்து எப்படியோ தப்பி வந்து, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு மகேசன் வீட்டில் ஒரு சின்ன அறையில் இருந்தாள். இரண்டு பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வயதான உடம்பு என்னென்ன செய்யும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருநாள் பெரியப்பாவின் அறைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவள் மூக்கைச் சுளிக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. அன்று பின்னேரமே மெத்தைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதற்கு மேலே பெட்ஷீட்டை விரித்துவிட்டுப் போனாள். அதன் பிறகு நனைந்த பெட்ஷீட்டுகள் அவளுடைய உடுப்போடு உடுப்பாக கராஜிலிருந்த மெஷினுக்குள் போய்வந்தன. ரதிதேவிக்கு மணமும் போகவில்லை, சந்தேகமும் வரவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. யோகராணிக்குக் காலை வேலை வருகிற நாட்களில் அவள் இருட்டோடு போய்விடுவாள். அந்த நாட்களில் நனைந்தால் கிழவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ரதிதேவி எழும்ப முதல் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தையும் பெட்ஷீட்டையும் பாத்ரூமில் அலசுவார். வெளியே கொடியில் போடலாம் என்றால் ஓக்லண்ட் மழை விடுமா? ஆகவே முன் அறைக்குக் கொண்டுபோய் ஹீட்டரின் முகப்பை மூடி விரித்துவிடுவார்.

அந்த ஹீட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கரண்டில் எரிகிற ஒரு பொய் அடுப்பு. சுவரோடு நிற்கும். உள்ளே பிளாஸ்டிக் விறகு, விறகுக்குக் கீழே சிவப்பு பல்ப், அதற்கு மேலே மெல்லிய தகரக் காற்றாடி. பல்ப் சூட்டில் காற்றாடி சுற்றச் சுற்ற, விறகு எரிவது மாதிரி வெளிச்சம் ஆடும். உண்மையான சூடு வேறு கம்பியில் உண்டாகி, ஃபான் ஊத, முன் கிராதியால் வெளியே வரும். எல்லாவற்றுக்கும் மேலே அகலமாக ஒரு மரப் பலகை. கீழே அக்கினி, மேலே பலகை. ரதிதேவி ஒரே பார்வையில் முடிவெடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த அன்றே பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் அந்தப் பலகையில் ஏறிவிட்டார்கள். அன்றிலிருந்து அது ஹீட்டர் இல்லை, சுவாமித் தட்டு. மாதத் துடக்கு நாட்களில் அவளே அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். அதற்கு முன்னால்தான் மாமனார் மூத்திரச் சாரத்தைக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

யோகராணி ஒருநாள் கண்டுவிட்டுச் சொன்னாள்.

"பெரியப்பா, இதுக்கு மேல போடாதேங்கோ. சூடு வெளிய போகேலாமல் உள்ளுக்கு நிண்டிடும். எங்கட இடத்தில ஒவ்வொரு ஹீட்டரிலும் மூடாதே எண்டு எழுதி ஒட்டியிருக்கு."

"நான் சிமெந்துத் தொழிற்சாலையில எலெக்ட்ரிக்கல் போர்மன், பிள்ளை. நீ எனக்குக் கரண்டு படிப்பிக்கிறியோ?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. ஆனி மாத முடிவில் ஹீட்டர் கோளாறு காட்டத் தொடங்கியது. சுவிட்சைப் போட்டால் விறகு ஜோராக எரியும், கொஞ்ச நேரம் சூடும் வரும், பிறகு சூடு நின்றுவிடும். நெருப்பு மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால் இருந்து மகேசன் குடும்பம் விறைத்தது.

"அப்பா, நீங்கள்தானே கரண்டுக்காரன். ஒருக்கால் பாருங்கோவன்" என்றான் மகேசன்.

இப்படி ஒரு வேடிக்கை யாருக்கு வாய்க்கும்? களவெடுத்தவனையே காவலுக்கு வைத்தார்கள். கிழவருக்குக் காரணம் அப்போதே விளங்கிவிட்டது. ஈரத் துணி மூடினால் சூடு அடைபடும், அடைபட்டால் உள்ளே இருக்கும் கட்-அவுட் என்கிற காவல் சுவிட்ச் கரண்டை நிறுத்தும், துணியின் பஞ்சு ஃபானில் சிக்கினால் இன்னும் கெதியாக நிறுத்தும். எல்லாம் விரல் நுனியில். விளங்கியதை மறைக்க வேண்டியதுதான் அவருடைய வேலையாகிவிட்டது. அதை அவர் மிகவும் மும்முரமாகச் செய்தார்.

முதலில் பிளக்கில் பியூஸ் போயிருக்கும் என்று சொல்லி, பிளக்கைக் கழற்றினார். இலங்கைப் பிளக்குக்குள் இருப்பது மாதிரி நியூசிலாந்துப் பிளக்குக்குள் பியூஸ் கிடையாது. அது மட்டும் அவருக்கு உண்மையிலேயே தெரியாது. வெறும் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் முழித்தார். அசருகிற ஆளா?

"அதுதான் பிழை. பியூஸ் இல்லாத பிளக்கை எந்த மடையன் செய்தவன்?"

பிறகு பல்ப்பை மாற்றச் சொன்னார். மகேசன் கடைக்குப் போய் வாங்கிவந்து மாற்றினான். நெருப்பு இன்னும் வடிவாக எரிந்தது, சூடு வரவில்லை. தகரக் காற்றாடி ஊசியில் சரியாக இருக்கவில்லை என்றார். அதை எடுத்து இருத்தினார்கள். வோல்டேஜ் காணாது என்றார். கம்பியில் ஈரக்காற்று பட்டுவிட்டது என்றார். பின் மூடியை மட்டும் திறக்க விடவில்லை.

"அதைத் தொட்டால் கரண்டு அடிக்கும். விசர் வேலை பாக்காதை."

அப்படியே ஆடிப் பிறப்பு வந்தது. ஊரில் ஆடி என்றால் வெயில், ஓக்லண்டில் அது நடுக்குளிர். ரதிதேவி அதற்காக ஆடிக்கூழை விட்டுவிடுகிறவள் இல்லை. பெரிய பானையில் கூழ் காய்ச்சி, கொழுக்கட்டை அவித்து, நவரத்தினத்தையும் அவர் மனைவி மரகதத்தையும் கூப்பிட்டிருந்தாள். நவரத்தினம் மனுகாவில் பெரிய கட்டிடங்களுக்கு ஹீட்டிங் பூட்டுகிற எஞ்சினியர். மரகதம் காதுக்குள் எது போனாலும் மறுநாள் கோயிலில் வாயால் வெளியே விடுகிற பெண். நல்ல நாளுக்கென்று குலசிங்கத்தார் வேட்டி கட்டித் திருநீறு பூசி முன் அறையில் இருந்தார். நீலக் கட்டம் போட்ட சாரம் பாத்ரூம் கம்பியில் தொங்கியது.

கூழ் முதல் சுற்று வந்தபோது ஹீட்டர் வழக்கம்போல நின்றது. மரகதம் சால்வையை இழுத்து மூடினாள்.

"இது என்ன, நெருப்பு எரியுது, சூட்டைக் காணேல்லை?" என்றார் நவரத்தினம். மகேசன் கதையைச் சொன்னான். கிழவர் தடுக்க வாயெடுக்க முதல், அந்த மனுஷன் கூழ்க் கோப்பையை வைத்துவிட்டு ஸ்குரூட்ரைவர் கேட்டார். பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்தார். ஹீட்டரை முன்னுக்கு நகர்த்தி, பின் தகட்டைக் கழற்றி, இரண்டு விரலை உள்ளே விட்டார். வெளியே வந்தது ஒரு பஞ்சுக் கட்டி. சாம்பலும் நீலமும் கலந்த நிறம்.

"இதுதான் ஹீட்டருக்கு வந்த வருத்தம். நூல் பஞ்சு. ஃபான் காத்தெடுக்கிற வழி முழுக்க அடைச்சிருக்கு. காத்து இல்லாட்டி உள்ளுக்குச் சூடு ஏறும், ஏறினால் கட்-அவுட் நிப்பாட்டிப்போடும். வெளிச்சம் வேற வயர், அதாலதான் நெருப்பு மட்டும் எரியுது." பஞ்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆரோ இதுக்கு மேல உடுப்புக் காயப் போடுறியள்."

"உடுப்போ?" ரதிதேவியின் குரல் எழும்பியது. அகப்பையிலிருந்து கூழ் கம்பளத்தில் சொட்டியது. "சுவாமிக்கு முன்னாலயோ? ஆர்?"

அவள் மகேசனைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள். கிழவருக்கு அந்தப் பஞ்சின் நீலம் மட்டும்தான் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிடம் போனால் இவள் பாத்ரூம் கம்பியை நினைப்பாள். சாரத்தை ஏன் விடியவே கழுவ வேண்டும் என்று நினைப்பாள். பின்னறைக்குப் போய் மெத்தையைத் தூக்குவாள். பிறகு ஹோம். அவித்த கரட். ஊமை வாழ்க்கை.

வாசலில் கொழுக்கட்டைத் தட்டோடு யோகராணி நின்றாள்.

"நான் சொல்லக் கூடாதெண்டுதான் இருந்தனான்" என்று தொடங்கினார் குலசிங்கத்தார். அவருக்கே ஆச்சரியம், குரல் நடுங்கவே இல்லை. "விடியப்புறம் தண்ணி குடிக்க வந்த இடத்தில கண்டனான். பொம்பிளைப் பிள்ளையின்ர உள்ளுடுப்பு. நான் அதை என்னெண்டு வாய் திறந்து சொல்லுறது? கண்ணை மூடிக்கொண்டு திரும்பிப் போட்டன்."

ரதிதேவி தன் உடுப்பை எங்கே போடுகிறாள் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் இருந்த மற்றப் பெண் யோகராணி மட்டும்தான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நவரத்தினம் பார்க்காத மாதிரி பஞ்சைப் பார்த்தார், அது இன்னும் மோசம். ஆம்பிளைகள் இருக்கிற அறையில் தன் உள்ளுடுப்பைப் பற்றி ஒரு பெண் எப்படி வழக்காடுவாள்? கிழவர் அதைத் தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தார். போர்மன் மூளை.

"நானோ, பெரியப்பா?" என்றாள் அவள்.

"பின்ன, நானோ பிள்ளை?"

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்னறை மெத்தைக்கு மேலே என்ன விரித்திருக்கிறது என்று போய்ப் பாருங்கோ என்றால் முடிந்தது. சொல்லவில்லை. அவள் வேலை செய்கிற இடத்தில் ஒரு கிழவனின் நனைந்த கட்டிலைப் பிள்ளைகள் முன்னால் யாரோ திறந்து காட்டியதை அவள் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அந்த மனிதனின் முகம் போன போக்கு அவளுக்கு மறக்கவில்லை. தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"ஓம் அண்ணி. நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பாவி மனுஷன், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார், கொழுக்கட்டை எடுத்து வாயில் போட.

"இஞ்ச வந்த உடனே எங்கட பிள்ளையளுக்கு எல்லாம் மறந்துபோகுது" என்றாள் மரகதம். "துடக்கும் இல்லை, சுத்தமும் இல்லை."

"வேற இடம் பார், பிள்ளை" என்றாள் ரதிதேவி.

"இண்டைக்கே எண்டில்லை..." என்று இழுத்தான் மகேசன்.

"இண்டைக்கே."

யோகராணியோடு வேலை செய்கிற அன்னம்மா என்ற மலேசியப் பெண் நகரின் மறுபக்கத்து மாசி என்ற இடத்திலிருந்து கார் கொண்டுவந்தாள். வெளியே மழை. ஒரு சூட்கேஸ், இரண்டு பை, அவ்வளவுதான் யோகராணியின் உடைமை. அடுத்த மாதம் அகதி விண்ணப்பத்துக்கான விசாரணை. உறவுக்காரன் என்று சாட்சி சொல்ல மகேசன் கூட வருவதாக இருந்தது. அன்றைக்குப் பிறகு அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை.

போகிற நேரம் பின்னறை வாசலில் வந்து நின்றாள். மெல்லிய குரலில்தான் சொன்னாள்.

"பெரியப்பா, பிளாஸ்டிக்கை அடிக்கடி துடைச்சுப் போடுங்கோ. இல்லாட்டி மணக்கும்."

நடையில் ரதிதேவி நின்றது கிழவருக்குத் தெரிந்தது. என்ன பிளாஸ்டிக் என்று கேட்டு வந்துவிடுவாளோ என்ற பயத்தில் உரத்துச் சொன்னார்.

"இனி எண்டாலும் போற இடத்தில சுத்தமா இரு பிள்ளை. எங்கட மானத்தை வாங்காதை."

பழியைச் சுமந்தபோது அசையாத முகம் அந்தச் சொல்லுக்கு அசைந்தது. அவள் அவரை நிதானமாக ஒருமுறை பார்த்தாள், பிறகு திரும்பிப் போனாள்.

ஹீட்டர் நன்றாக வேலை செய்தது. ரதிதேவி பலகையைக் கழுவி, மஞ்சள் தண்ணி தெளித்து, சுவாமிகளைத் திரும்ப ஏற்றினாள். மாமா கண்டு சொல்லியிராவிட்டால் இந்தப் பாவம் இன்னும் நடந்திருக்கும் என்று அவருக்குத் தனியாகப் பால் கோப்பி போட்டுக் கொடுத்தாள். அவரும் ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டி இருந்து குடித்தார். வெட்கமாக இருந்ததா? இருந்தது. ஆனால் கோப்பியும் நன்றாக இருந்தது.

பிறகுதான் கழுவ ஆளில்லை என்பது உறைத்தது. பிளாஸ்டிக்கைத் துடைக்க மறந்தார், மணந்தது. சாம்பிராணி போடச் சொன்னார். நனைந்த பெட்ஷீட்டைச் சூட்கேசுக்குள் ஒளித்தார், அதுவும் நாறியது. கடைசியில் பழைய வழிக்கே வந்தார். ஆடிச் செவ்வாய்க்குக் கும்பிட ரதிதேவி அன்று வழக்கத்தை விட முந்தி எழும்பிவிட்டாள். பூத்தட்டோடு வந்தவள், பிள்ளையாருக்கு நேர்கீழே நீலக் கட்டச் சாரமும் பெட்ஷீட்டும் ஆவி விட்டுக்கொண்டிருக்க, அதற்கு முன்னால் இடுப்பில் துவாயோடு நின்ற மாமனாரைக் கண்டாள்.

அவள் கத்தவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அப்ப, அண்டைக்கும் நீங்களோ மாமா?"

கிழவர் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூடு நின்றுவிட்டிருந்தது.

பின்னேரம் மகேசனும் அவளும் குசினியில் கதைத்தது அவருக்குக் கேட்டது.

"அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லுவமே?" என்றாள் ரதிதேவி.

"என்னெண்டு சொல்லுறது? மரகதக்கா ஓக்லண்ட் முழுக்கச் சொல்லி முடிச்சிட்டா. இப்ப போய் எங்கட அப்பாதான் எண்டால் எங்களுக்குத்தானே வெக்கக்கேடு. விடு."

விட்டார்கள். மாசியில் அன்னம்மா வீட்டில் இருந்தவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கிழவருக்கு மட்டும் சொன்னார்கள். ஹோமில் இடம் கிடைத்துவிட்டதாம்.

"பயப்பிடாதேங்கோ அப்பா" என்றான் மகேசன், காரில் அவருடைய பெல்டைப் பூட்டிக்கொண்டே. "யோகராணி வேலை செய்யிற இடமாப் பாத்துத்தான் எடுத்தனான். உங்களுக்குத் தமிழ் கதைக்க ஒரு ஆள் வேணுமெல்லோ?"

இவர்களுக்கு வெட்கம் என்பது எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் கிழவருக்கு அந்தச் செய்தி தேன் வார்த்தது. யோகா பொறுத்துக்கொள்ளுவாள். அவள் தங்கமான பிள்ளை. கையைப் பிடித்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் கரைந்துபோவாள். வழி முழுக்க அவளுக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

முதல் விடியலிலேயே கட்டில் நனைந்திருந்தது. அவர் கவலைப்படவில்லை. சுவரில் பொருத்தியிருந்த ஹீட்டரையும், அதன் மேல் எழுதி ஒட்டியிருந்த எச்சரிக்கையையும் பார்த்தபடி கிடந்தார். துணி வண்டி உருளுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. நீலச் சீருடையில் யோகராணி.

"யோகா! என்ர பிள்ளை! வந்திட்டியே!" இரண்டு கையையும் நீட்டினார். "நான் செய்தது பிழை பிள்ளை. பெரிய பிழை. பயத்தில சொல்லிப்போட்டன். உன்ர விசாரணை என்னாச்சு? சொல்லு பிள்ளை."

"குட் மோர்னிங், மிஸ்டர் குலசிங்கம்" என்றாள் அவள்.

குரலில் கோபம் இல்லை. சுடுதண்ணி கொண்டுவந்தாள். உடம்பைத் துடைத்தாள், கை மெதுவாகத்தான் பட்டது. காய்ந்த பைஜாமா போட்டுவிட்டாள். அவரை ஒரு பக்கம் சரித்து, நனைந்த பெட்ஷீட்டை உருவி, பிளாஸ்டிக்கைத் துடைத்து, புதிதை விரித்து, மூலைகளை மடித்துச் செருகினாள். ஒரு குறை சொல்ல இடமில்லை. அவ்வளவு நேரமும் அவர் கதைத்தார், அழுதார், அவளுடைய அப்பாவின் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில், பக்கத்து அறை வெள்ளைக்காரிக்குச் சொல்லுகிற அதே மரியாதையில், யெஸ் என்றும் ஓகே என்றும் சொன்னாள்.

"தமிழில ஒரு சொல்லுக் கதையன் பிள்ளை" என்று அவளுடைய சீருடை நுனியைப் பிடித்தார். "ஒரு சொல்லு. பேசு, ஏசு, பறவாயில்லை."

அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, கையைப் போர்வைக்கு மேல் வைத்தாள். நனைந்த பெட்ஷீட்டை வண்டியில் போட்டாள். வாசலில் திரும்பி நின்று, அறையை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஓல் க்ளீன் நவ், மிஸ்டர் குலசிங்கம்."